கோட்டையாக விழுந்தது, சிறையாக நின்றது: குவாலியர் மலையின் இரட்டை வாழ்க்கை

குவாலியர் கோட்டை எத்தனை முறை கைமாறியது என்று எண்ண உட்கார்ந்தால் இரண்டு கை விரல்கள் போதாது. 1196-இல் குத்புதீன் ஐபக். நடுவில் நழுவிப்போனதை 1232-இல் இல்துத்மிஷ் மீட்டார். 1398-இல் தோமர்கள், 1518-ஐ ஒட்டி இப்ராஹிம் லோடி, 1526-இல் பாபரின் ஆட்கள், 1542-இல் ஷேர் ஷா, 1558-இல் அக்பரின் படை, 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, பிறகு மராத்தியத் தலைவர் மகாத்ஜி சிந்தியா. 1858 ஜூனில் மட்டும் ஒரே மாதத்தில் இரண்டு தடவை. இவ்வளவுக்குப் பிறகும் "வெல்லவே முடியாத கோட்டை" என்ற பட்டம் அதைவிட்டுப் போகவில்லை.

அதே மலை, அதே சுவர், சிறையாக இருந்த காலக் கதை வேறு. கில்ஜி இளவரசர்கள், தக்காணத்துச் சுல்தான்கள், ஒரு சீக்கிய குரு, ஒரு சூஃபி அறிஞர், ஔரங்கசீப்பின் தம்பி, மகன், அண்ணன் மகன்கள் என்று நீளும் பட்டியலில், கீழே இறங்கி வந்தவர்கள் எல்லாரும் பாதுஷாவின் கட்டளையால் வந்தவர்கள். கயிறு கட்டி இறங்கப் பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம். படை புகுந்த இடத்தில் கைதி ஏன் வெளியேற முடியவில்லை? மலையின் அமைப்பைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆக்ராவுக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், சமவெளியில் தனியாக நிற்கும் மணற்கல் குன்று இது. பழைய பெயர் கோபாசலம். உயரம் ஏறக்குறைய 300 அடிதான். திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நீளம் 1¾ மைல். அகலம் 600 அடியிலிருந்து 2,800 அடி வரை. பக்கங்கள் செங்குத்து, சில இடங்களில் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரிவு இருந்த இடங்களையும் செதுக்கிச் செங்குத்தாக்கிவிட்டார்கள். அதன் விளிம்பில் 30 முதல் 35 அடி உயரச் சுவர்.

பலவீனம் அந்த நீளத்திலேயே ஒளிந்திருக்கிறது. சுற்றளவு குறைந்தது மூன்றரை மைல், அதாவது ஐந்தரை கி.மீ.க்கு மேல். 30 மீட்டருக்கு ஒரு காவலாள் என்று வைத்தாலே ஒரு வேளைக்கு 190 பேர் வேண்டும்; மூன்று முறைக்கு 560 பேர். இவர்கள் வெறுமனே நின்று பார்ப்பவர்கள்தான், சண்டை போடும் ஆட்கள் தனி. மழைக்காலத்து நள்ளிரவில் அந்த 190 பேரில் நான்கு பேர் தூங்கிவிட்டால் 100 மீட்டருக்கு மேல் சுவர் கண்ணில்லாமல் கிடக்கும்.

அடுத்த பலவீனம் தண்ணீர். மலைமேல் சூரஜ் குண்டம், ஜௌஹர் தால், ராணி தால், கங்கோலா தால், கட்டோரா தால் என்று வரிசையாகக் குளங்கள். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா கோட்டைக்குள் நிலத்தடித் தொட்டிகளையும் சுமார் 20 கிணறுகளையும் குறிப்பிடுகிறார். (இவர்தான் பிறகு மதுரை சுல்தானகத்துக்கும் வந்து, நாம் படித்தாலே குலைநடுங்கும் குறிப்புகளை எழுதிவைத்தவர்.) கணக்குக்காக 5,000 ஆட்கள், 500 குதிரைகள், 50 யானைகள் உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், குதிரைக்கு 35, யானைக்கு 150 என்றால் நாளைக்கு 50,000 லிட்டர் வேண்டும். இல்துத்மிஷின் முற்றுகை 11 மாதம் நடந்தது. அதற்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல். திறந்த குளத்தில் சித்திரை, வைகாசி வெயில் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோட்டையைப் பிடித்த இல்துத்மிஷ் செய்த வேலையைப் பாருங்கள்: மலையின் மேற்குப் பக்கம் உள்வாங்கிக் கிடக்கும் உர்வாஹிப் பள்ளத்தாக்கின் வாயை மறித்துச் சுவர் எழுப்பி, அங்கிருந்த கிணறுகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார். எதிரி எதனால் தோற்றான் என்பது ஜெயித்தவனுக்குத்தானே தெரியும்!

இந்த இரண்டு கணக்கையும் சிறைக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கைதிகள், நூறு காவலர்கள் என்றால் நாளைக்குச் சில நூறு லிட்டர் போதும். ஒரு கிணறே ஈடுகொடுக்கும். ஐந்தரை கி.மீ. சுவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓர் அறைக் கதவும் கீழே போகும் பாதையும் கைக்குள் இருந்தால் போதும்.

பாதைதான் இங்கே முக்கியம். வடகிழக்குப் பக்கம் நகரத்திலிருந்து ஏறும் பழைய வழியில் இன்று கீழிருந்து மேலாக ஆலம்கீரி வாசல், ஹிந்தோலா வாசல், கணேஷ் வாசல், லட்சுமண் வாசல், ஹாத்திபோல் என்று ஐந்து வாசல்கள் நிற்கின்றன. இன்னும் இரண்டு இருந்து இடிந்துபோயின. ஹாத்திபோல் என்றால் யானை வாசல். பாகனோடு கூடிய கல்யானை ஒன்று அங்கே நின்றதாகவும், தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ யானை என்றே தோன்றும் என்றும் இபின் பதூதா எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து பாபரும் அதைப் பார்த்தார். இப்போது இல்லை. அடிவாரத்து ஆலம்கீரி வாசல் 1660-இல் கட்டியது. ஔரங்கசீப்பின் குடும்பக் கைதிகள் மேலே போய்க்கொண்டிருந்த நேரம் அது.

இந்த ஏற்றத்தின் நடுவே, லட்சுமண் வாசலை ஒட்டி, பாறையைக் குடைந்து செய்த சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. பெயர் சதுர்புஜர் கோயில். 876-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டு, சாமிக்குப் பூந்தோட்டம் வைக்க 187-க்கு 270 முழ அளவில் நிலம் விட்டதையும், தினமும் 50 மாலை கொடுக்க ஏற்பாடு செய்ததையும் சொல்கிறது. 270-இலும் 50-இலும் கடைசி எழுத்து ஒரு குட்டி வட்டம். இந்தியாவில் ஆண்டு உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சுழியங்களில் ஒன்று. இந்த வழியே மேலே கொண்டுபோன கைதிகள் எல்லாரும் அந்த வட்டத்தைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். பல்லக்கிலோ மூடிய அம்பாரியிலோ போனவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை.

மதுரையைச் சூறையாடியவரும் கில்ஜிப் பிள்ளைகளும்

குவாலியர் சிறை என்றாலே முகலாயர் நினைவுதான் வரும். அதற்கு இருநூறு ஆண்டுக்கும் முன்பே டில்லி சுல்தான்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1311-இல் மதுரை வரை வந்து கொள்ளையடித்துத் திரும்பிய மாலிக் காபூரை நமக்குத் தெரியும். அலாவுதீன் கில்ஜி நோயில் விழுந்த கடைசி மாதங்களில் அதிகாரம் முழுக்க காபூர் கைக்குப் போனது. பட்டத்துக்கு உரிய மூத்த மகன் கிஸ்ர் கான் குவாலியருக்கு அனுப்பப்பட்டார். 1316-இல் அலாவுதீன் இறந்தவுடன் கிஸ்ர் கானின் கண்களைப் பிடுங்க ஆள் போனது. தம்பி ஷாதி கானுக்கும் அதே கதி. காபூர் பெயருக்கு அரியணையில் உட்காரவைத்த சின்னப் பையன் ஷிஹாபுதீன் உமரும், அடுத்த சுல்தானான சொந்த அண்ணன் முபாரக் ஷாவின் ஆணையால், கடைசியில் இதே மலைக்குத்தான் வந்தான்.

அரசியல் காரணம் எளிது. குருடனாக்கப்பட்டவன் அரசாள முடியாது என்பது அன்றைய வழக்கு. ஆனாலும் அவன் பெயரைச் சொல்லிக் கலகம் செய்ய யாராவது கிளம்பலாம். கொன்றால் பழி, டில்லியிலேயே வைத்திருந்தால் ஆபத்து. எட்டிப்பிடிக்கும் தூரத்தில், ஊர் சனம் அண்டாத உயரத்தில் வைப்பதே வசதி. முபாரக் ஷாவுக்கு அந்த வசதியும் போதவில்லை. 1318-இல் மூன்று சகோதரர்களையும் குவாலியரிலேயே கொல்லச் செய்தார். அந்தச் செய்தியை குவாலியர் காஜியின் வாயாலேயே கேட்டதாக இபின் பதூதா பதிவுசெய்கிறார்.

முகலாயர் இதை ஓர் ஏற்பாடாகவே ஆக்கினார்கள். அக்பர் 1565-இல் தன் சிற்றப்பா காம்ரானின் மகன் அபுல் காசிமை இங்கேதான் தீர்த்தார். 1600-இல் அகமதுநகர் விழுந்தபோது பிடிபட்ட சிறுவன் பகதூர் நிஜாம் ஷா இங்கே வந்தான். ஷாஜஹான் காலத்தில், 1633-இல் தௌலதாபாத் வீழ்ந்ததும் அந்த வம்சத்தின் இன்னொரு சிறுவன் உசேன் நிஜாம் ஷா வந்தான். ஒரே அரச குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஒரே விலாசம்.

ஜஹாங்கீர் காலத்துக் கைதிகள் இருவர் வேறு வகை. சூஃபி அறிஞர் ஷேக் அகமது சிர்ஹிந்தி 1619-இல் அடைக்கப்பட்டார், அவருடைய எழுத்துகள் ஆணவமானவை என்று பாதுஷாவே தன் நினைவுக்குறிப்பில் எழுதினார், ஓராண்டில் விட்டுவிட்டார். சீக்கியரின் ஆறாம் குரு ஹர்கோவிந்த் எத்தனை காலம் இருந்தார் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை: 17-ஆம் நூற்றாண்டு பாரசீக நூலான தபிஸ்தான் 12 ஆண்டு என்கிறது, சீக்கிய மரபு அதைவிட மிகக் குறைத்துச் சொல்கிறது. தன் அங்கியைப் பிடித்துக்கொண்டு வருகிற அளவுக்கு ராஜாக்களை விடலாம் என்று பாதுஷா சொன்னதாகவும், குரு 52 குஞ்சம் வைத்த அங்கி தைத்து 52 ராஜாக்களை வெளியே கொண்டுவந்ததாகவும் அந்த மரபு. தீபாவளியை ஒட்டிச் சீக்கியர் கொண்டாடும் பந்தி சோர் திவஸ் (கைதிகள் விடுதலை நாள்) இதன் நினைவுதான். கதையில் எவ்வளவு சரித்திரம் என்று தனியாக வாதிடலாம். ராஜாக்கள் கூட்டமாக அடைபட்டுக் கிடந்த மலை என்று வட இந்தியா முழுக்க இதை அறிந்திருந்தது என்பது மட்டும் அதில் தெளிவு.

கோப்பையில் வந்த தண்டனை

ஷாஜஹானின் மகன்களுக்குள் 1658-இல் தொடங்கிய வாரிசுப் போருக்குப் பின் மலை நிரம்பியது. பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், ஔரங்கசீப்பின் அண்ணன் தாராவின் மூத்த மகன் சுலைமான் ஷிகோவை 1661 ஜனவரியில் தர்பாருக்குக் கொண்டுவந்ததை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கால் விலங்கை வாசலில் கழற்றிவிட்டார்கள். கை விலங்கு அப்படியே இருந்தது. அது பொன்முலாம் பூசியதுபோல் தெரிந்ததாம். இளவரசர் கேட்டது ஒன்றே ஒன்று: பௌஸ்த் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொன்றுவிடுங்கள். கொடுக்க மாட்டோம் என்று ஔரங்கசீப் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். சுலைமான் குவாலியருக்குப் போனார்.

பௌஸ்த் என்பது நமக்கு அந்நியமான சொல் இல்லை. கசகசாச் செடியின் காயை நாட்டு மருந்துக்காரர்கள் போஸ்தக்காய் என்பார்கள். தோல், ஓடு என்ற பொருள் உள்ள அதே பாரசீகச் சொல்தான். காயை நசுக்கி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பெரிய கோப்பை நிறைய முதல் வேலையாகக் கொடுப்பார்கள். அதைக் குடித்து முடிக்கும் வரை சாப்பாடு கிடையாது என்கிறார் பெர்னியர். உடல் மெலிந்து, பலமும் புத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மரக்கட்டைபோல் ஆகி இறப்பார்கள் என்பதும் அவர் வார்த்தைதான்.

இதில் இருக்கும் சூழ்ச்சி கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. காயின் ஓட்டில் அபின் பாலில் உள்ள அதே மார்ஃபினும் கோடீனும் குறைந்த அளவில் இருக்கின்றன. அவை தண்ணீரில் இறங்கிவிடும். ஒரே நாளில் ஆளைக் கொல்லும் விஷமாக இது கொடுக்கப்படவில்லை. தினமும் உள்ளே போவதால் பசி அடங்கும், குடல் இயக்கம் நிற்கும், மூச்சு மந்தமாகும், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பழகிவிட்ட உடம்பு கோப்பை தாமதித்தால் நடுங்கும். ஆகவே வேண்டாமென்று எதிர்த்தவரே நாளடைவில் அதற்குக் காத்திருப்பார். மெலிவு நோயால் இறந்தாரா கோப்பையால் இறந்தாரா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அரச ரத்தம் சிந்தவில்லை, கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லை. காவலருக்கும் வேலை குறைவு. மயங்கிக் கிடப்பவர் சுவர் ஏற மாட்டார். என் கணிப்பில், இந்தக் கோப்பை குவாலியரின் பாறையைவிட உறுதியான வேலி. சுலைமான் 1662 மே மாதம் இறந்தார். வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்பதே அன்று முதல் இன்றுவரை பொதுவான முடிவு.

முராத் பக்ஷின் விவகாரம் வேறு. ஔரங்கசீப்போடு கூட்டுச் சேர்ந்து போரிட்ட கடைசித் தம்பி இவர். 1658 ஜூனில் மதுராவுக்கு அருகே விருந்துக்கு அழைத்து, தூங்கும்போது பிடித்தார்கள். அன்றிரவே மூடிய அம்பாரியோடு நான்கு யானைகள் நான்கு திசையில் புறப்பட்டன. எதில் ஆள் இருக்கிறார் என்று அவருடைய படைக்குத் தெரியக் கூடாதல்லவா. டில்லியின் சலீம்கட் கோட்டை வழியாக 1659 தொடக்கத்தில் அவர் குவாலியருக்கு வந்தார்.

பின்னர் நடந்ததை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார். தனக்கு வந்த படியில் பாதியைச் செலவிட்டு, அடிவாரத்தில் கூடிய ஏழை முகலாயருக்கு முராத் சோறு ஆக்கிப் போட்டார். சாப்பிட்டவர்கள் கைம்மாறாக மதிலில் நூலேணி கட்டி, கீழே குதிரையோடு காத்திருந்தார்கள். எல்லாம் தயார். முராத் தன்னோடு சிறையில் இருந்த சரஸ்வதி பாயிடம் விடைபெறப் போனார். "என்னை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?" என்று அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். காவலர் விழித்து, தீவட்டியோடு வந்து, ஏணியைக் கண்டுபிடித்தார்கள்.

மதில் அவரைத் தடுக்கவில்லை. ஏணி சரியாகத்தான் தொங்கியது. குரல் கேட்கும் தூரத்தில் காவல் இருந்ததுதான் வினையாயிற்று. அதன் பிறகு அவரை உயிரோடு வைக்க ஔரங்கசீப்புக்கு மனமில்லை. சட்டப்படியான காரணம் தேடப்பட்டது. குஜராத்தில் முராத் கோபத்தில் கொன்ற திவான் அலி நகியின் குடும்பம் நினைவுக்கு வந்தது. மூத்த மகன் பழி கேட்க மறுத்துவிட்டார். இரண்டாம் மகன் கேட்டார். காஜி தீர்ப்பு எழுத, 1661 டிசம்பர் 4 அன்று கோட்டையிலேயே முராத் கொல்லப்பட்டார். பழி கேட்க மறுத்த மூத்தவரை ஔரங்கசீப் பிறகு கௌரவித்தார் என்பது இந்த நாடகத்தின் விசித்திரமான கடைசிக் காட்சி.

மிஞ்சியவர்களுக்கு 1672-ஐ ஒட்டிக் கதவு திறந்தது. பெரியப்பா ஷுஜாவின் பக்கம் ஓடி அவர் மகளை மணந்த குற்றத்துக்காக அடைபட்ட ஔரங்கசீப்பின் சொந்த மூத்த மகன் முகமது சுல்தான், சலீம்கட்டுக்கு மாற்றப்பட்டு 1676-இல் இறந்தார். தாராவின் இளைய மகன் சிபிர் ஷிகோவுக்கு ஔரங்கசீப் 1673-இல் தன் மகள் சுப்ததுன்னிசாவையே கட்டிவைத்தார். முராதின் மகன் இஜித் பக்ஷுக்கு இன்னொரு மகள் மிஹ்ருன்னிசா. தகப்பன்களைக் கொன்ற வீட்டிலேயே மருமகன்களானார்கள்.

படைகள் எப்படிப் புகுந்தன?

1526-இல் பாபரின் ஆள் ரஹீம்தாத் சிலரோடு மட்டும் உள்ளே விடும்படி கேட்டுப் புகுந்துகொண்டார். உள்ளே இருந்த ஷேக் முகமது கௌஸின் சீடர்கள் துணையோடு இரவில் ஹாத்திபோல் திறந்தது. அதற்குச் சில ஆண்டு முன்பு லோடிப் படை, அடிவாரத்து பாதல்கட் மதிலுக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. 1858 ஜூன் 1 அன்று குவாலியர் மன்னர் சிந்தியாவின் சொந்தச் சிப்பாய்களே தாந்தியா தோபே, ஜான்சி ராணி பக்கம் சாய்ந்தார்கள். சண்டையில்லாமல் கோட்டை கிடைத்தது. ராணி மடிந்த சில நாளில், ஜூன் 20 அன்று, இரண்டு ஆங்கில லெப்டினன்ட்களும் ஒரு கொல்லரும் கொஞ்சம் ஆட்களும் வாசல் வாசலாக உடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். தாழ்ப்பாள் இருந்தது, காக்க ஆள் பற்றவில்லை.

1780 ஆகஸ்ட் 3 இரவு நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், முராதின் ஏணிக்கு அது மறுபக்கம். பிறகு மேஜராக உயர்ந்த கேப்டன் பாஃபமின் படையில், கேப்டன் புரூஸ் முன்னால் போனார். கோட்டைக்குள் திருடப் போய்வந்து பழகிய ஆட்கள் வழி காட்டினார்கள். பாறையில் வழுக்காமலும் சத்தம் வராமலும் இருக்கப் பஞ்சு திணித்த கம்பளிச் செருப்பு. முதலில் 16 அடிச் செங்குத்துக்கு மர ஏணி. அதற்கு மேல் 40 கெஜம் சரிவில் தவழ்ந்து ஏற வேண்டும். கடைசியில் 30 அடி மதில். அங்கே வழிகாட்டிகள் மேலே தொற்றி ஏறிக் கயிற்றேணியைக் கட்டினார்கள். ரோந்து தீப்பந்தத்தோடு சுற்றிப் போனபின் அடுத்த சுற்று வரும்வரை கிடைக்கும் இடைவெளியே முழு மூலதனம். விடிந்தபோது கோட்டை கம்பெனியிடம்.

இன்று மேலே போகிறவர்களை மான்சிங் தோமர் கட்டிய மான் மந்திர் அரண்மனையின் நிலவறைகளுக்குக் கூட்டிப்போய், மேற்கூரைக் கொக்கிகளைக் காட்டி "இங்கேதான் தூக்கில் போட்டார்கள்" என்பார்கள். அந்த வட்ட மண்டபங்கள் கோடை வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியவை, கொக்கிகள் ஊஞ்சலுக்கு. 1528-இல் வந்த பாபரே கீழ்த்தளம் இருட்டு என்று விளக்கோடு போய்ச் சுற்றிப் பார்த்தார். பின்னாளில் கைதிகளை அங்கேயும் அடைத்திருக்கலாம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் மலையை ஆராய்ந்த அலெக்சாண்டர் கன்னிங்காம் முகலாயரின் அரசச் சிறை என்று குறிப்பது வடமேற்கே தோண்டா வாசலுக்கு அருகிலுள்ள நவ்சௌக்கியை, அதாவது ஒன்பது அறைகளை. பேருந்தில் வரும் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

1886-இல் ஆங்கிலேயர் ஜான்சியை வாங்கிக்கொண்டு கோட்டையைச் சிந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1897-இல் தொடங்கிய சிந்தியா பள்ளி இப்போதும் மலைமேல் நடக்கிறது, விடுதியோடு. குரு ஹர்கோவிந்த் நினைவாக எழுந்த தாதா பந்தி சோர் குருத்வாராவில் வருகிறவர்களுக்கு லங்கர் எனும் இலவசச் சாப்பாடு உண்டு. வண்டிகள் மேற்கே உர்வாஹிப் பாதையில், பாறையில் குடைந்த சமணச் சிலைகளை ஒட்டி ஏறுகின்றன. வடகிழக்கு வழியில் நடந்துதான் ஏற வேண்டும்; சுழியம் பார்க்க வேண்டுமானால் அந்த வழி.